ஸ்டார் ட்ரெக் மறுதொடக்கமும் ரசிகர்களும்

ஸ்டார் ட்ரெக் என்பது 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி, பல தொடர்களாகவும் திரைப்படங்களாகவும் நீண்ட அறிவியல் புனைவு வரிசை. 2009 மே மாதம் ஜே. ஜே. ஏப்ரம்ஸ் இயக்கத்தில் வந்த திரைப்படம், கேப்டன் கிர்க், ஸ்பாக் முதலிய மூலப் பாத்திரங்களுக்குப் புதிய நடிகர்களை அமர்த்திக் கதையை மறுபடி தொடங்கியது. ட்ரெக்கிகள் எனப்படும் ரசிகர்கள் இந்த மாற்றத்தை எதிர்கொண்ட விதத்தை இக்கட்டுரை விவரிக்கிறது. இப்படம் மறுதொடக்கம் என்றே பரவலாக அழைக்கப்பட்டாலும், பழைய கதை அழிக்கப்படாமல் அதிலிருந்து ஒரு கிளை பிரிவதால் கிளைக்காலக்கோடு என்பதே பொருத்தமான வகைப்பாடு.

முன்வரலாறு

ஜீன் ராடன்பெரி உருவாக்கிய மூலத் தொடர் 1966 செப்டம்பர் 8 அன்று என்பிசி அலைவரிசையில் வெளிவரத் தொடங்கி, 79 அத்தியாயங்களுடன் 1969 ஜூனில் முடிந்தது. இரண்டாம் பருவத்தின்போதே தொடர் நிறுத்தப்படும் என்ற பேச்சு எழுந்தது. பியோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் தம்பதி நாடெங்குமுள்ள ரசிகர்களைக் கடிதம் எழுதத் தூண்டினர். 1968 ஜனவரியில் கால்டெக் மாணவர்கள் பர்பாங்கில் இருந்த என்பிசி அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். அவ்வாண்டு மார்ச் 1 அன்று அத்தியாயம் முடிந்ததும், தொடர் நீடிக்கும் என்று அலைவரிசையே அறிவித்தது. வந்த கடிதங்கள் 1,16,000 அளவில் என்பது நிறுவனத் தரப்புக் கணக்கு. ரசிகர் தரப்பு பத்து லட்சம் வரை சொல்வதுண்டு. மூன்றாம் பருவத்துக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை இரவு 10 மணி. இளைஞர்கள் வீட்டில் இராத அந்த நேரத்தில் தொடர் தேறவில்லை.

ஒளிபரப்பு நின்ற பிறகுதான் ரசிகர் கூட்டம் பெருகியது. உள்ளூர் நிலையங்கள் பழைய அத்தியாயங்களை மாலை நேரத்தில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. 1967இலேயே ‘ஸ்பாக்கனாலியா’ என்ற ரசிகர் இதழ் வந்திருந்தது. 1972 ஜனவரியில் நியூயார்க்கின் ஸ்டாட்லர் ஹில்டன் விடுதியில் நடந்த முதல் பெரிய மாநாட்டுக்குச் சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 3,000 பேருக்கு மேல் வந்தார்கள். ராடன்பெரியும் எழுத்தாளர் ஐசக் அசிமோவும் கலந்துகொண்டனர். 1976இல் நாசா தன் முதல் விண்ணோடத்துக்குக் கான்ஸ்டிடியூஷன் என்று பெயர் வைக்கவிருந்தது. ஜனாதிபதி ஃபோர்டுக்குக் கடிதங்கள் குவிய, அது தொடரில் வரும் விண்கப்பலின் பெயரான எண்டர்பிரைஸ் ஆயிற்று.

புதிய அத்தியாயங்கள் இல்லாத இந்தக் காலத்தில் ரசிகர்கள் இருக்கும் அத்தியாயங்களையே குடைந்து படித்தார்கள். 1975இல் வெளிவந்த ஸ்டார்ஃப்ளீட் தொழில்நுட்பக் கையேடு, கப்பலின் வரைபடங்களோடு சீருடைக்கான தையல் அளவுகளையும் கொடுத்தது. ஓர் அத்தியாயத்துக்கும் மற்றொன்றுக்கும் பொருந்தாத இடத்தைக் கண்டுபிடித்து, கதைக்குள்ளேயே அதற்குக் காரணம் கற்பிப்பது ரசிகர் இதழ்களின் அன்றாட வேலை. பிற்காலத்தில் வந்த ஒவ்வொரு மாற்றத்தையும் இந்தப் பழக்கத்தைக் கொண்டே சமாளித்தார்கள்.

கிளிங்கன் நெற்றிச் சிக்கல்

இப்பழக்கத்துக்குச் சிறந்த சான்று கிளிங்கன் இனத்தவரின் நெற்றி. மூலத் தொடரில் கிளிங்கன்கள் அடர்பழுப்புப் பூச்சும் மீசையும் கொண்ட சாதாரண மனிதர்களாகவே தோன்றினர்; தொடரின் பட்ஜெட் அதற்கு மேல் இடம் தரவில்லை. 1979 திரைப்படத்தில் அவர்களுக்கு நெற்றியிலிருந்து பின்தலை வரை எலும்பு வரம்பு முளைத்திருந்தது. ஒப்பனைச் செலவு கூடிவிட்டது என்று சொல்லி விட்டிருக்கலாம். ரசிகர்கள் விடவில்லை: இரண்டு தனி இனங்கள், மரபணுக் கலப்பு, அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒற்றர்கள் என்று பல கோட்பாடுகள் உலவின.

1996இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரின் பாத்திரங்கள் காலப்பயணம் செய்து மூலத் தொடரின் காட்சிக்குள் நுழைந்தபோது, பழைய கிளிங்கன்களைக் கண்டு திகைத்த சகாக்களிடம், வெளியாரிடம் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று கிளிங்கன் அதிகாரி வார்ஃப் ஒரே வரியில் முடித்துவிட்டார். 2005இல் ‘எண்டர்பிரைஸ்’ தொடர் இரண்டு அத்தியாயங்களை ஒதுக்கி, மரபணு ஆய்வு ஒன்றில் தப்பிய தொற்றே வரம்புகளை மறையச் செய்தது என்று நிறுவியது. ஒப்பனையாளரின் மேசையில் பிறந்த முரண் 26 ஆண்டுகளுக்குப் பிறகு அதிகாரபூர்வ வரலாறாயிற்று.

பிற முன்னுதாரணங்கள்

1982 படத்தில் ஸ்பாக் இறக்கிறார் என்ற செய்தி முன்பே கசிந்து எதிர்ப்பு கிளம்பியது. இயக்குநர் நிக்கலஸ் மேயர், தொடக்கப் பயிற்சிக் காட்சியிலேயே ஸ்பாக்கைப் பொய்யாக ஒருமுறை விழவைத்து அவர் இறப்பார் என்ற எதிர்பார்ப்பைத் தணித்தார். 1987இல் பிக்கார்ட் என்ற வழுக்கைத் தலைக் கேப்டனுடன் ‘த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ வந்தபோது, கிர்க் இல்லாதது ஸ்டார் ட்ரெக்கே இல்லை என்றவர்கள் பலர். அது ஏழு பருவங்கள் ஓடியது.

2009 திரைப்படம்

‘எண்டர்பிரைஸ்’ தொடர் 2005இல் நிறுத்தப்பட்டது. 2008 ஜனவரியில் புதிய படத்தின் முதல் முன்னோட்டம் வெளியானது. அதில் தீப்பொறி பறக்கத் தொழிலாளர்கள் தரையில் நின்று எண்டர்பிரைஸ் கப்பலைப் பற்றவைத்தார்கள். கப்பல் அயோவாவில் கட்டப்படுவதாகப் படம் காட்டியது. மூலத் தொடரின் கப்பல் மேடையில் பதித்த பட்டயத்திலோ சான் பிரான்சிஸ்கோ என்று இருந்தது. அடுத்த குறைகளும் வந்தன: இயந்திர அறைக்காட்சி லாஸ் ஏஞ்சல்ஸ் வேன் நைஸில் உள்ள பீர் ஆலையில் எடுக்கப்பட்டது, திரையில் ஒளிச்சிதறல் கண்ணைக் கூசச் செய்தது, 289 மீட்டர் நீளமிருந்த கப்பல் இரு மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது.

கதையாசிரியர்கள் ராபர்ட்டோ ஓர்சியும் அலெக்ஸ் கர்ட்ஸ்மனும் ரசிகர்களின் உத்தியையே கையாண்டனர். 2387இல் ரோமுலஸ் கோள் அழிகிறது. நீரோ என்ற ரோமுலன் கருந்துளை வழியே 2233க்கு வந்து யுஎஸ்எஸ் கெல்வின் கப்பலைத் தகர்க்கிறான். கிர்க்கின் தந்தை இறக்க, வரலாறு வேறு பாதையில் போகிறது. பழைய காலக்கோட்டின் முதிய ஸ்பாக்காக, மூலத் தொடரில் அப்பாத்திரத்தை ஏற்ற லியனார்ட் நிமாய் தாமே வந்து இரண்டையும் இணைத்தார். 22ஆம் நூற்றாண்டில் நடக்கும் ‘எண்டர்பிரைஸ்’ தொடர் பிரிவுக்கு முந்தையது என்பதால் இரு காலக்கோடுகளுக்கும் பொது என்பதை ரசிகர்கள் உடனே கணித்தார்கள். அத்தொடரின் நாயகனான ஆர்ச்சர் அட்மிரலாகி வளர்க்கும் நாயைப் பற்றிப் படத்தில் வரும் ஒரு வசனம் அதற்குத் தோதாக அமைந்தது. ரசிகர் எழுத்திலும் நாவல்களிலும் மட்டுமே வழங்கிவந்த, மூலப் பாத்திரங்களுள் ஒருவரான உஹுராவின் முதற்பெயரான நியோட்டாவும் இப்படத்தில்தான் திரையேறியது.

2009 ஏப்ரல் 6 அன்று ஆஸ்டின் திரையரங்கில் 1982 படம் பார்க்கவென்று ரசிகர்கள் கூடியிருந்தனர். சில நிமிடங்களில் படச்சுருள் கருகியதுபோல் திரை அணைந்தது. மேடைக்கு வந்த நிமாய் புதிய படத்தைப் பார்க்க விருப்பமா என்று கேட்க, அரங்கம் அதிர்ந்தது. படம் உலகளவில் சுமார் 38.5 கோடி டாலர் வசூலித்து, ஒப்பனைக்கான ஆஸ்கரையும் பெற்றது.

சமாளிப்பு முறைகள்

ரசிகர்களின் எதிர்வினையை நான்காக வகுக்கலாம்.

விளக்குவோர்: முரண்களுக்குக் கதைக்குள்ளேயே காரணம் காண்பவர்கள். கெல்வின் கப்பல் தகர்க்கப்படுவதற்கு முன்பே உருவில் மாறுபட்டிருப்பதேன் என்பது இவர்களின் தீராத கேள்வி. 2016இல் நடிகரும் திரைக்கதையாசிரியருமான சைமன் பெக், பிளவின் விளைவு காலத்தில் பின்னோக்கியும் பரவும் என்று எழுதி இதற்கு வழிவிட்டார்.

பிரித்துவைப்போர்: பழையது அப்படியே இருக்க, புதியதைத் தனிக் கணக்கில் எழுதுபவர்கள். ஏப்ரம்ஸ் உலகம் என்று இவர்கள் அழைத்துவந்ததற்கு 2016இல் கெல்வின் காலக்கோடு என்ற அதிகாரபூர்வப் பெயர் கிடைத்தது.

மறுப்போர்: எதையும் ஏற்காதவர்கள். 2013 படத்தில் பெனடிக்ட் கம்பர்பாட்ச் ஏற்ற பாத்திரம் 1982 படத்தின் வில்லனான கான் இல்லை என்று படக்குழு கடைசிவரை மறுத்தது. திரையில் அவர் கானாகவே வந்தார். அவ்வாண்டு லாஸ் வேகஸ் மாநாட்டில் ஓர் அமர்வில் கூடியவர்கள் அப்படத்தை வரிசையின் கடைசி இடத்தில் வைத்தார்கள்.

தாமே செய்வோர்: பழைய அரங்கமைப்பையும் சீருடையையும் மீண்டும் உருவாக்கி ரசிகர் படங்கள் எடுப்பவர்கள். 2004இல் ‘நியூ வாயேஜஸ்’, 2013 முதல் 2017 வரை ‘ஸ்டார் ட்ரெக் கன்டினியூஸ்’ வந்தன. ‘ஆக்ஸனார்’ படத்தின் மீது 2015 டிசம்பரில் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2016 ஜூனில் ரசிகர் படங்களுக்கு 15 நிமிடம், இரு பகுதியானால் 30 நிமிடம், நிதி 50,000 டாலர் என்று வரம்பு விதித்தனர்.

இன்றைய நிலை

கெல்வின் காலக்கோட்டின் மூன்றாம் படம் 2016இல் வந்தது. 2017 முதல் வந்த ‘டிஸ்கவரி’, ‘பிக்கார்ட்’, ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ முதலியன பழைய காலக்கோட்டுக்கே திரும்பின. ‘டிஸ்கவரி’யில் கிளிங்கன்களின் தோற்றம் மீண்டும் மாறியது, விளக்கங்கள் தொடர்கின்றன.