கரண்டியில் தெரிந்த வியாதி

நம் உடம்பின் அவயவங்களில் சிறுநீரகத்தைப் போல் அடக்கமானது வேறில்லை. பல் வலித்தால் ஊரைக் கூட்டுகிறோம். சிறுநீரகமோ பாதிக்கு மேல் பழுதான பிறகும் வாய் திறப்பதில்லை. அது முனக ஆரம்பிக்கும்போது வைத்தியருக்குச் செய்ய மிச்சமிருப்பது சொற்பம்.

அதை முன்கூட்டியே பேசவைக்க வழி காட்டியவர் லண்டன் டாக்டர் ரிச்சர்ட் பிரைட். உடம்பு வீங்கி வந்த நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து, மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். அது முட்டை வெண்கருவைப் போல் உறைந்தது. ரத்தத்தில் தங்கவேண்டிய ஆல்புமின் என்ற சத்து வெளியே ஒழுகுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. இதை அவர் 1827-இல் எழுதி வெளியிட்டார்.

பிரைட்டிடம் நோயாளிகள் வந்தார்கள். வராதவர்களை யார் தேடிப் போவது? இந்தக் கேள்விக்கு ஒரு விடை ஆஸ்திரேலியாவின் வட கோடியில் கிடைத்தது.

டார்வின் நகருக்கு வடக்கே பாதர்ஸ்ட், மெல்வில் என்று இரண்டு தீவுகள். அங்கே வாழும் ஆதிகுடிகள் திவி மக்கள். 1990-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், சிறுநீரகம் செயலற்றுப் போவோரின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாக இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. சிறுநீரகம் நின்றுவிட்டால் வாரத்துக்கு மூன்று நாள் யந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டும். அதற்காகப் பிறந்த மண்ணையும் உற்றாரையும் விட்டு நகரத்துக்குப் போனவர்கள் பலர்.

"அவர்கள் ரத்தமே அப்படி" என்று கைகழுவிவிடுவது சுலபம். டாக்டர் வெண்டி ஹோய் என்ற பெண்மணி அப்படிச் செய்யவில்லை. நோய் தெரிந்தவர், தெரியாதவர் என்று பாராமல் அவருடைய குழுவினர் ஊராரைப் பரிசோதித்தார்கள். எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் குறைவாகவே அமைகின்றன; சிறு வயதில் சிரங்கும் கிருமியும்; பிற்பாடு பருமனும் நீரிழிவும். இத்தனையும் சேர்ந்து அந்த வடிகட்டிகளை அரித்தன. இதில் வறுமையின் பங்கு எவ்வளவு என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

நோயைக் கண்டு கணக்கெழுதியதோடு அவர்கள் நிற்கவில்லை. 1995-இல் மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். ரத்த அழுத்தத்தைத் தணித்து ஒழுகலையும் குறைக்கும் பெரிண்டோப்ரில் என்ற மருந்து அது. சிகிச்சை இல்லாத முந்தைய ஆண்டுகளில் இதே நிலையில் இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது, சில ஆண்டுகளுக்குள் இயற்கை மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன.

கதை எழுதுகிறவனாகிய நான் இந்த இடத்தில் முற்றும் போட்டிருப்பேன். சரித்திரம் போடவில்லை. பிற்பாடு ஏற்பாடு கைமாறியது. பழைய கண்டிப்பு தளர்ந்தது. குறைந்திருந்த மரணங்களும் சிறுநீரகச் செயலிழப்பும் மறுபடி தலைதூக்கின. மருந்து அதே மருந்துதான். ஜனங்களும் அதே ஜனங்கள்தாம். வீடு தேடிப் போய், "மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று கேட்ட குரல்தான் அடங்கியிருந்தது.

எங்கேயாவது ஏழை ஜனங்களுக்கு ஒரு நாள் பரிசோதனை முகாம் நடந்தது என்று பத்திரிகையில் படித்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உடனே ஒரு கேள்வியும் எழுகிறது: முகாம் முடிந்த மறுநாள் அந்த வீட்டுக்கு யார் போனார்கள்?