மணலி வழியாக வந்த வயலின்

மணலின்னு சொன்னால் முதலில் விழித்துக்கொள்வது மூக்குதான். டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்ஸில் ஜன்னலைச் சாத்தாமல் இருப்பவர் அபூர்வம். 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. 2018 வரை ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. ஆனால் இருநூறு வருடங்களுக்கு முன்னால் இங்கே ராமசாமி தீட்சிதரின் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் வாழ்ந்தது. அவருடைய மகன்களில் மூத்தவர் முத்துசாமி தீட்சிதர். இளையவர் பாலுசாமி.

முதலியார்கள் கம்பெனிக்காரர்களோடு பழகியவர்கள். அவர்களோடு புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போன சகோதரர்கள் அங்கே வெள்ளைக்காரர்களின் பேண்டைக் கேட்டார்கள். முத்துசாமி அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார். 'நோட்டுஸ்வரம்' என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டு அவரிடம் சியாமளா தேவியைப் பாடும் பாட்டானது! பாலுசாமியை இழுத்தது வயலின். ஓர் ஐரோப்பியரை ஏற்பாடு செய்து அவருக்குக் கற்றுத்தந்தார்கள்.

இதைச் சொல்பவர் பாலுசாமியின் பேரனும் தத்துப்பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர், 1904இல் வந்த தன் நூலில். குடும்பத்துக்காரர் சொல்லும் கதை. தஞ்சாவூர் வடிவேலுவுக்கும் வராகப்பய்யருக்கும் இதே பெருமையைக் கேட்பவர்கள் உண்டு. யார் முதல் என்கிற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. பேண்டில் இருந்த இத்தனை வாத்தியங்களில் வயலின் மட்டும் எப்படிக் கச்சேரி மேடைவரை வந்து உட்கார்ந்தது?

உட்கார்ந்தது என்பதே பாதி பதில். நின்றபடி தாடையில் இடுக்கி வாசித்ததை, சம்மணமிட்டு, தலைப்பகுதியைக் கணுக்கால்மேல் ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்த்து வாசிக்க ஆரம்பித்தார்கள். இடதுகைக்குப் பாரம் தாங்கும் வேலை போய், வழுக்கிக்கொண்டு ஓட முடிந்தது. தந்திகளை ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்தார்கள். வயலினில் மெட்டு கிடையாது, அதனால் கமகம் தடையில்லாமல் வரும். வில் இழுக்க இழுக்க ஒலி நிற்கும், பாடகரின் மூச்சுபோல. வீணையில் மீட்டியவுடனே ஒலி தேய ஆரம்பித்துவிடும். பாட்டுக்குத் துணையாக வீணை இருந்த இடத்தை வயலின் மெல்லமெல்ல எடுத்துக்கொண்டது.

இந்த வளையும் தன்மை ஹார்மோனியத்துக்கு இல்லை. அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடைசெய்து, 1971இல்தான் தளர்த்தியது. அதே ஹார்மோனியம் திருவள்ளூர்ப் பக்கத்துத் தெருக்கூத்தில் மத்தளம், முகவீணை, தாளத்தோடு விடியவிடியப் பாடும். ஒரு குழுவில் ஆகாத வாத்தியம் இன்னொன்றுக்கு முதுகெலும்பு.

இப்போது ஆடி மாதத்தில் இந்தப் பக்கமெல்லாம் செண்டை மேளம். 'கேரளாக்காரன் வாத்தியம் நமக்கெதுக்கு' என்பவர்களிடம் வயலினைக் காட்டி வாதாடலாம்தான். நானும் வாதாடியிருக்கிறேன், பம்பைக்காரர் ஒருவரிடம். அவர் வாதத்துக்கே வரவில்லை. "எந்த ஊர் வாத்தியமா இருந்தா என்னங்க, முன்ன அஞ்சு பேரு போவோம். இப்ப ரெண்டு பேரு போதும்ங்கிறாங்க" என்றார். வீணைக்காரர்களும் இப்படித்தான் யாரிடமாவது சொல்லியிருப்பார்கள்.

அன்று ராத்திரி ஊர்வலம் முழுக்கச் செண்டைதான். கரகம் கோயில் வாசலுக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார்கள். அம்மனை வர்ணித்து அழைக்க வேண்டும். அந்த இரண்டு பேரும் பம்பையும் உடுக்கையுமாக முன்னால் வந்தார்கள்.