லயத்து வாயிலும் சமயப் பொறையும்

மத்திய மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஒரு காம்பரா, அதன் முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு, ஒரே ஒரு வாயில். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் பிறந்ததும் வளர்ந்ததும் இத்தகைய காம்பராக்களிலேதான். அந்த வாயிலைத் திறப்பதும் அடைப்பதும் யாருடைய உரிமை என்னும் கேள்வி மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் மலைநாட்டின் சமய வரலாறு பெரும்பாலும் அந்தக் கேள்வியையே சுற்றிச் சுழன்றிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஏழை மக்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுப் பாதையில் நடந்து மலையேறினர். பின்னர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறினும் தொழிலாளர் வாழ்வு மாறவில்லை. நிலமும் வீடும் அவர்களுக்குச் சொந்தமல்ல. ஊரிலிருந்து அவர்கள் கொண்டுவந்த சொத்து, மொழியும் தெய்வமுமே. மரத்தடியில் கல் நாட்டி மாரியம்மனை வணங்கினர். தப்பு முழக்கிக் காமன் கூத்து ஆடினர். வேலையின் களைப்பும் காய்ச்சலின் கொடுமையும் நிறைந்த வாழ்விலே அந்த வழிபாடே அவர்களுக்குத் தாயகமாய் அமைந்தது.

அவர்களிடம் கிறித்தவத்தைப் பரப்புவதற்கென 1854ஆம் ஆண்டில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பெற்றது. இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கத்தோடு தோட்ட முதலாளிகள் சிலரும் இதற்குக் கைகொடுத்தனர். திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசியார்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் தோட்டம் தோட்டமாக நடந்தனர். விடியற்காலைப் பிரட்டுக்களத்திலும் மாலை வேளைகளில் லயங்களிலும் போதித்தனர்.

அந்த உபதேசியார்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையன்று. அட்டைக் கடியையும் குளிரையும் பொருட்படுத்தாது பல கல் தொலைவு நடந்தவர்கள் அவர்கள். எழுத்தறிவே எட்டாத பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பித்தவர்களும் அவர்களுள் இருந்தனர். தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கிய சட்டம் 1907ஆம் ஆண்டிலேதான் வந்தது என்பதை நினைத்தால், அதற்கு முன் நடந்த அந்தச் சிறு பள்ளிகளின் அருமை விளங்கும். சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்டோர் சிலருக்கு, தம்மையும் மனிதராக மதித்துப் பேசிய முதற்குரல் உபதேசியாரின் குரலாகவே இருந்திருக்கக்கூடும்.

எனினும் ஒரு குறை அடிப்படையிலேயே இருந்தது. உபதேசியார் தோட்டத்துக்குள் வந்தது துரையின் அனுமதியோடு. கேட்போரோ துரையின் தொழிலாளர். கூலி தருபவரும் வீடு தருபவரும் அனுமதித்து அனுப்பிய ஒருவரை நோக்கி, "ஐயா, எங்களுக்கு வேண்டாம்; போய் வாருங்கள்" என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? பிரட்டுக்களத்தில் நின்றவன் செவியை மூட முடியாது. லயத்தில் இருந்தவன் கதவை மூட அஞ்சுவான். ஆகவே, அவர்களிற் பலர் பணிவோடு கேட்டனர். கேட்டபின் மாரியம்மன் கோயிலுக்கே சென்றனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்ட மக்களிற் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் இந்துக்களே.

அதே காலத்தில், தோட்டத்துக்கு வெளியே சமயப் பிரசாரத்துக்குச் சொல்லாலேயே மறுமொழி எழுந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர், விவிலிய மொழிபெயர்ப்பில் பேர்சிவல் பாதிரியாருக்கு உதவியவர். அவர் 1847ஆம் ஆண்டின் இறுதி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் பள்ளி நிறுவினார். 1854இல் சைவதூஷணபரிகாரத்தை வெளியிட்டார். தமிழ்க் கூலி மிஷன் பிறந்ததும் அதே ஆண்டு என்பது கருதத்தக்கது. சிங்களப் பௌத்தரிடையே மீகெட்டுவத்தே குணானந்த தேரர் பாதிரிமாரோடு மேடையில் வாதாடினார். 1871இல் மலைநாட்டின் வாயிலாகிய கம்பளையிலும், 1873 ஆகஸ்டு 26, 28ஆம் நாட்களில் பாணந்துறையிலும் அவ்வாதங்கள் நிகழ்ந்தன. இருசாராரின் சொற்களும் சில வேளை கடுமையாகவே இருந்தன. ஆனாலும் அங்கே பேசுவோனும் மறுப்போனும் ஒரே தரையில் நின்றனர். விரும்பியவர் கேட்க வந்தனர். விரும்பாதவர் வீட்டில் இருந்தனர். லயத்து மக்களுக்கு வாய்க்காதது அந்தச் சமநிலையே.

லயத்து வாயில் யாருடையது என்பதை மற்றொரு நிகழ்ச்சி இன்னும் தெளிவாகக் காட்டும். தொழிலாளர் துயரை நேரில் அறிய விரும்பிய கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் வெளிப்படையாகச் செல்ல இயலவில்லை. அந்நியர் நுழைவது அத்துமீறல் எனத் தடுக்கப்பட்டது. அவர் துணி வியாபாரியாக வேடம் பூண்டு உள்ளே சென்றார். 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தொழிற்சங்கச் சம்மேளனம் கண்டவர் அவரே. உபதேசியாருக்குத் திறந்த அதே வாயில் தொழிற்சங்கத் தலைவருக்கு அடைக்கப்பட்டிருந்தது. இரண்டையும் முடிவு செய்தவர் உள்ளே வாழ்ந்தவர் அல்லர்.

வீடு வீடாகச் செல்லும் பிரசாரம் உலகெங்கும் நீதிமன்றங்களின் முன் வந்த பொருளாகும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஸ்ட்ரதர்ஸ் என்னும் நகரம், துண்டுப்பிரசுரம் வழங்குவோர் கதவைத் தட்டுவதையே தடைசெய்திருந்தது. 1943இல் அந்நாட்டின் உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. வந்தவரை ஏற்பதும் திருப்பி அனுப்புவதும் வீட்டுக்காரரின் முடிவேயன்றி நகராட்சியின் முடிவன்று எனக் கருதியது. கிரேக்க நாட்டில் மற்றொருவர் வீட்டில் தம் சமயத்தைப் பேசிய ஒருவர் தண்டிக்கப்பட்ட வழக்கில், 1993இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அத்தண்டனை தவறு என்றது. அன்றியும், தன் நம்பிக்கையை எடுத்துரைப்பது வேறு, ஆசை காட்டியும் நெருக்கியும் இழுப்பது வேறு என்று பிரித்துக் காட்டியது. இந்திய உயர்நீதிமன்றமோ 1977இல், சமயத்தைப் பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்தது.

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. அதே வேளையில், தாம் விரும்பும் சமயத்தைக் கொள்ளும் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் உறுதி செய்கிறது. ஒரு கன்னியர் சபையைப் பற்றிய மசோதாவை ஆராய்ந்த உயர்நீதிமன்றம், சமயத்தைப் பரப்புவது அடிப்படை உரிமையாக அமையவில்லை என 2003இல் கூறியது. 2005இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு அதனோடு மாறுபட்டது. இடையில் 2004இல் மதமாற்றத் தடை மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டபோது, அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என நீதிமன்றம் கண்டது. சட்டத்தின் வழி இன்னும் சிக்கலாகவே இருக்கிறது.

மலைநாட்டு மக்களின் வழக்கமோ சட்டத்தினும் எளிய பாடத்தைப் போதிக்கிறது. மஸ்கெலியாவுக்கு அருகே நிமிர்ந்து நிற்கும் மலையைத் தமிழர் சிவனொளிபாதமலை என்பர். பௌத்தருக்கு அது புத்தரின் பாதம். முஸ்லிம்களுக்கும் கிறித்தவருக்கும் ஆதாமின் மலை. பதினான்காம் நூற்றாண்டில் இபன் பதூதா அங்கே ஏறினார். சுவடு ஒன்றே, அதைக் காணும் கண்கள் பல. 1911இல் காலியில் கிடைத்த கல்வெட்டும் அத்தகையதே. சீனக் கடற்றளபதி செங் ஹோவின் பயணத்தை ஒட்டி 1409ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட அக்கல்லில், சீனம் புத்தருக்கும், தமிழ் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகம் இஸ்லாத்துக்கும் காணிக்கை கூறுகின்றன. அசோகரின் கல்வெட்டுகளுள் ஒன்றும், தன் சமயத்தை உயர்த்தவேண்டிப் பிறர் சமயத்தைப் பழிப்பவன் தன் சமயத்துக்கே தீங்கு செய்கிறான் என்னும் கருத்தை அறிவிக்கிறது.

சமயப் பொறை என்பது எல்லாவற்றையும் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பதன்று. வந்தவனை இகழாமலும் அடிக்காமலும் அனுப்புவது வீட்டுக்காரனின் பொறை. வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டவுடன் வணங்கி விடைபெறுவது வந்தவனின் பொறை. முன்னது இல்லையேல் ஊரில் கலகம் பிறக்கும். பின்னது இல்லையேல் வீட்டில் அமைதி கெடும். ஆனால் வேண்டாம் என்று சொல்ல, முதலில் அச்சமின்றி வாழ ஒரு வீடு வேண்டும். தலைமுறைகள் கடந்த பின்னும் பல குடும்பங்கள் லயங்களிலேயே இருக்கின்றன. நிலமும் வீடும் தமக்கே உரியன என்ற உறுதி அவர்களுக்குக் கிட்டும் நாளில், லயத்து வாயிலைத் திறப்பதும் அடைப்பதும் உள்ளே வாழ்பவரின் உரிமையாகும். அவ்வாறு மனமுவந்து திறக்கப்படும் கதவின் முன் நின்று பேசுவதே எந்தச் சமயத்துக்கும் பெருமை.