எச்சிலும் உமிழ்நீரும்

வாயில் ஊறும் நீர் ஒன்றே. தமிழில் அதற்குப் பெயர் இரண்டு. மருத்துவ நூல்கள் உமிழ்நீர் என்னும். விலக்க நினைக்கையில் நாம் எச்சில் என்போம். 'எச்சம்' என்பதோடு உறவுடைய இச்சொல், உண்டு எஞ்சியதையும் குறிக்கும், தீட்டையும் குறிக்கும். அச்சொல்லில் உறையும் அருவருப்பு, அண்மைக் காலத்தில் நோயுற்றோர் பலரை வருத்தியது.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளரிடம் குருதி மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது, அவற்றுள் ஆறு எச்.ஐ.வி. தொற்றைக் காட்டின. இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்ட தொற்று இதுவே. கிருமியினும் விரைவாக அச்சம் பரவியது. தொற்றுற்றவருக்குத் தனித்தட்டும் தனிக்குவளையும் ஒதுக்கப்பட்டன. தீட்டு என்னும் பழைய எண்ணம் புதிய நோயின் பெயரில் வீட்டுக்குள் நுழைந்தது.

அறிவியல் கண்டதோ வேறு. உமிழ்நீரில் இக்கிருமி மிக அரிதாகவே தென்படுகிறது. அதிலுள்ள கோழைப் புரதங்கள் கிருமிகளைப் பிணித்துக் கொள்கின்றன. குருதியை நோக்க உமிழ்நீரில் உப்பு குறைவு. ஆதலின் அதில் கலக்கும் தொற்றுற்ற வெள்ளணுக்கள் நீரை உறிஞ்சி உடைந்து போகின்றன. 1995-இல் அமெரிக்கத் தேசியப் பல்லாய்வு நிறுவனத்தார், எஸ்.எல்.பி.ஐ. என்னும் உமிழ்நீர்ப் புரதம் எச்.ஐ.வி. உயிரணுவுக்குள் புகுவதைத் தடுப்பதாக வெளியிட்டனர். ஒரே குவளையில் நீர் அருந்துவதால் இத்தொற்று பரவாது.

இக்காவல் எல்லாக் கிருமிக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெறிநாய்க்கடிக் கிருமி உமிழ்நீர் வழியே வருவது. அதற்கு மருந்து செய்யவே 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் எழுந்தது. பொன்னுக்கு வீங்கியும் கொரோனாவும் வாய்நீர்த் துளிகளில் பயணம் செய்பவை. ஆகவே எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாதிருப்பது என்று பிரித்தறிவதே அறிவு.

பல மாநிலத்தார் வந்து குடியேறிய நெய்வேலியில், வெவ்வேறு ஊரார் ஒரே பந்தியில் உண்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். அப்பந்தியிலிருந்து ஒருவரை எழுப்பி அனுப்புவது எத்தகைய தண்டனை என்பதை விளக்க வேண்டியதில்லை. 2017-இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் பாகுபாட்டை அது தடுக்கிறது. வீட்டில் தனியே கவிழ்த்து வைத்த குவளையை எடுத்து மற்றவற்றோடு சேர்ப்பது நம் கையில்தான் இருக்கிறது.