வளைக்கரடியும் கோபுரமும்: தூர்ன் உண்ட் டாக்சிஸ் குடும்பத்தின் இத்தாலிய மூதாதையர் கதை

ஐரோப்பாவில் அஞ்சல் தொழிலால் செல்வம் சேர்த்து இளவரசர் பட்டம் வரை உயர்ந்த குடும்பம் தூர்ன் உண்ட் டாக்சிஸ். 1867இல் பிரஷ்யா எடுத்துக்கொள்ளும்வரை ஜெர்மானிய நிலப்பரப்பின் கணிசமான பகுதியில் அஞ்சல் உரிமை இவர்களிடமே இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இக்குடும்பம், மிலான் நகரை ஒருகாலத்தில் ஆண்ட தெல்லா தோர்ரே குலத்தின் வாரிசாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. விஸ்கோந்தி குலத்திடம் தோற்ற தோர்ரேக்களில் ஒருவர் பெர்கமோ மலைப்பகுதியில் தஞ்சம் புகுந்தார், அவர் வழிவந்தவர்களே தாங்கள் என்பது அவர்கள் சொன்ன கதை. பட்டத்துக்கு ஆசைப்பட்டுப் புனைந்தது என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் ஆசை இருந்தது என்பதால் மட்டும் ஒரு கதை பொய்யாகிவிடாது. கதை எந்தக் காலத்தைப் பேசுகிறதோ அந்தக் காலத்துக்கு நெருங்கிய சான்றுதான் அதன் மெய்பொய்யைத் தீர்மானிக்கும். சொன்னவரின் ஆதாயம், கதை ஏன் அந்த வேளையில் எழுத்தில் ஏறியது என்பதையே விளக்கும். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆவணங்கள் காட்டும் வரலாறு இது. வட இத்தாலியில், பெர்கமோவுக்கு வடக்கே ப்ரெம்பானா பள்ளத்தாக்கில் உள்ள கொர்னெல்லோ என்ற சிற்றூரில் 13ஆம் நூற்றாண்டிலேயே, பின்னாளில் டாக்சிஸ் என்று அறியப்பட்ட தாஸ்ஸோ குடும்பத்தினர் வாழ்ந்தனர். ஓமோதேயோ தாஸ்ஸோ அவர்களின் மூதாதையாக அறியப்படுகிறார். பெர்கமோ 1428இல் வெனிசின் ஆட்சிக்குள் வந்தது. வெனிசின் தூதஞ்சல்காரர் குழுமத்தில் இம்மலைப்பகுதி ஆட்கள் நிறைந்திருந்தனர். அத்தொழிலில் தேர்ந்த தாஸ்ஸோக்களை 1490ஐ ஒட்டி ஹாப்ஸ்பர்க் குலத்து மன்னர் மாக்சிமிலியன் அழைத்துக்கொண்டார். இன்ஸ்ப்ருக்கிலிருந்து நெதர்லாந்துவரை குதிரை மாற்றும் நிலையங்கள் அமைந்தன. 1505இல் ஃப்ரான்ஸ் ஃபான் டாக்சிஸ் செய்த ஒப்பந்தம், பிரசல்ஸ் நகரிலிருந்து இன்ஸ்ப்ருக்குக்குக் கோடையில் ஐந்தரை நாளில் அஞ்சல் சேர வேண்டும் என்று கெடு விதித்தது. 1512இல் மாக்சிமிலியன் இவர்களைப் பிரபுக்களாக உயர்த்தினார். 1615இல் புனித ரோமப் பேரரசின் தலைமை அஞ்சல் பதவி பரம்பரை உரிமையாயிற்று. 1624இல் கோமான் பட்டம் வந்தது. ஒவ்வொரு படியும் பட்டயத்தோடு நிற்கிறது. திறமைக்கும் சேவைக்கும் கிடைத்த இந்த ஏற்றத்தில் தோர்ரே குலத்துக்கு எந்த வேலையும் இல்லை.

அந்தக் குலத்தின் கதையோ வேறு தளத்தில் நடந்தது. வல்சாசினா பள்ளத்தாக்கிலிருந்து வந்த தோர்ரேக்கள் 13ஆம் நூற்றாண்டில் மிலானின் தலைவர்களாயினர். 1277இல் தேசியோ போரில் பேராயர் ஒத்தோனே விஸ்கோந்தி நாப்போ தெல்லா தோர்ரேயை வென்று சிறைப்பிடித்தார். 1302இல் குய்தோ தெல்லா தோர்ரே அதிகாரத்தை மீட்டாலும், 1311இல் அக்குலம் நிரந்தரமாக வெளியேற்றப்பட்டது. இக்குலத்தைத் தம் மூதாதையராக்கும் பணி மூன்று நூற்றாண்டு கழித்துத்தான் முழுவீச்சில் நடந்தது. 1628இல் கணவரை இழந்த டாக்சிஸ் குடும்பத்து அலெக்ஸாண்ட்ரின் த ரி, சிறுவனான மகனுக்காக முப்பதாண்டுப் போரின் நடுவே பேரரசின் அஞ்சலை நிர்வகித்தார். அவர் காலத்தில் வமிசாவளி ஆய்வாளர்கள் பணிக்கப்பட்டனர். 1645இல் ஆன்ட்வெர்ப்பில் குடும்பப் பெருமை பற்றிய ஜூல் ஷிஃப்லேயின் நூல் வெளிவந்தது. 1650இல் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினான்ட் இசைவோடு ‘தூர்ன்’, அதாவது கோபுரம், குடும்பப் பெயரில் சேர்ந்தது. குலச்சின்னமும் மாறியது. தோர்ரேயின் கோபுரமும் வல்சாசினாவின் சிங்கமும் கேடயத்தின் நான்கு பகுதிகளையும் பிடித்துக்கொண்டன. தாஸ்ஸோக்களின் பழைய வளைக்கரடி நடுவிலிருந்த சிறு கேடயத்துக்குள் ஒடுங்கியது. 1709இல் ஃப்ளாக்கியோ என்பவர் வெளியிட்ட பெரும் வமிசாவளி நூல் இந்தக் குலத்தை முன்னாள் ஆட்சியாளர் குலம் என்று தலைப்பிலேயே அறிவித்தது.

இக்கதையைச் சோதிக்கும்போது முதல் தடை காலம். 1311இல் தப்பி வந்தவர்தான் மூதாதை என்றால், அதற்கு முன்பே கொர்னெல்லோவில் வாழ்ந்த தாஸ்ஸோக்களை எங்கே வைப்பது? இரண்டாவது தடை, தோர்ரேக்கள் உண்மையில் சென்ற திசை. அக்குலத்தைச் சேர்ந்த ரைமோந்தோ தெல்லா தோர்ரே 1273 முதல் 1299 வரை அக்விலேயாவின் தலைமைக் குருவாக இருந்தார். அவரை அண்டி உறவினர் கிழக்கே ஃப்ரியூலியில் வேரூன்றினர். மூன்றாவது தடை மௌனம். 1311க்கும் 1645க்கும் இடையே முந்நூற்று முப்பத்துநான்கு ஆண்டுகள். மாக்சிமிலியனிடம் பிரபுத்துவம் பெற்ற 1512இல், மிலானின் பழைய அதிபதிகளின் இரத்தம் தம்முடலில் ஓடுவதாகச் சொல்வதைவிட வலுவான விண்ணப்பம் வேறு இருந்திருக்க முடியாது. ஆனால் அன்றும், அதற்குப்பின் நூறாண்டுக்கு மேலும், கேடயத்தில் கோபுரம் ஏறவில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. வல்சாசினாவும் ப்ரெம்பானா பள்ளத்தாக்கும் ஒரு மலைத்தொடரின் இருபுறம் அமைந்தவை. தோற்றவர் மலையேறி மறுபக்கம் இறங்கியிருக்கலாம், தஞ்சம் புகுந்தவர் பெயரை மறைத்துத்தானே வாழ்வார் என்று கேட்கலாம். நடந்திருக்கக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் ‘கூடும்’ என்பது எந்த ஊர்க்குடும்பத்துக்கும் பொருந்துவதால் இந்தக் குடும்பத்துக்கு அது சான்றாகாது. மறைத்தார்கள் என்ற விளக்கமோ, சான்றின் இன்மையையே சான்றாக்கிவிடுகிறது. பேரரசரே ஏற்றுக்கொண்டாரே என்பது இன்னொரு மறுப்பு. அரசவை வழங்கியது பெயரைச் சுமக்கும் உரிமை. அதைப் பிறப்பு பற்றிய வரலாற்றுத் தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

கடினமான மறுப்பு வேறொன்று. அக்காலத்தில் இத்தாலிய மூதாதையரைத் தேடுவது பொது வழக்கு. பொஹீமியாவின் ரோசன்பர்க் குலம் தன்னை ரோமின் ஓர்சினிகளோடு இணைத்துக்கொண்டது. ஹோகன்ட்சோலர்ன் குலம் கொலோன்னாக்களைச் சொந்தம் கொண்டாடியது. எனவே எல்லாமே புனைவுதான் என்ற முடிவுக்கு வரலாமா? ஹானோவர் குலத்தின் கதை அதைத் தடுக்கிறது. இத்தாலியின் எஸ்தே குலத்திலிருந்து தாம் வந்ததாக ஹானோவரை ஆண்ட வெல்ஃப் கோமகன்களும் சொன்னார்கள். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் எலெக்டர் பதவியை நாடிய ஹானோவர் கோமகன் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் 1685இல் குல வரலாறு எழுதும் பணியைத் தத்துவஞானி லைப்னிட்ஸிடம் ஒப்படைத்தார். அவர் 1687 முதல் 1690 வரை பயணம் செய்தார். ஆக்ஸ்பர்க் மடத்தில் வெல்ஃப் குலத்தின் பழைய வரலாற்றுச் சுவடியைப் பார்த்தார், மோதெனாவில் எஸ்தேக்களின் ஆவணங்களைப் புரட்டினார், வங்கதித்ஸா மடத்துக் கல்லறைகளைத் தேடிச் சென்றார். 1070இல் பவேரியாவின் கோமகனான நான்காம் வெல்ஃப், எஸ்தே குலத்து இரண்டாம் ஆல்பெர்தோ அத்ஸோவின் மகன் என்பது உறுதியாயிற்று. 1692இல் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் விரும்பிய பதவியும் கிடைத்தது. இங்கும் ஆதாயம் இருந்தது, பணம் கொடுத்து எழுதவைத்த புரவலரும் இருந்தார். ஆனாலும் கதை மெய். ஒருவருக்கொருவர் கலந்துகொள்ளாத இரு நாட்டுச் சான்றுகள் ஒரே மனிதரைச் சுட்டியதே வேறுபாடு.

அப்படியானால் டாக்சிஸ் குடும்பத்தின் கதை எதற்குப் பயன்படும்? அது 14ஆம் நூற்றாண்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, 17ஆம் நூற்றாண்டைப் பற்றி நிறையச் சொல்கிறது. 1624இல் ஆஸ்திரிய நிலங்களின் அரசவை அஞ்சல் பார் குடும்பத்துக்குப் போயிருந்தது. முப்பதாண்டுப் போர் முடிந்த கையோடு, 1649இல் பிராண்டன்பர்க் தன் சொந்த அஞ்சலைத் தொடங்கியது. பேரரசர் தந்த உரிமை சவாலுக்கு உள்ளான வேளையில், அந்த உரிமையைத் தாங்குபவர் வெறும் அஞ்சல் தொழிலாளி அல்லர், ஆட்சிக்குலத்தவர் என்று காட்ட வேண்டியிருந்தது. அந்த வழியே 1681இல் ஸ்பெயின் மன்னர் தந்த இளவரசர் பட்டமும் 1695இல் பேரரசர் தந்த பட்டமும் வந்தன. கவிஞர் தோர்க்குவாத்தோ தாஸ்ஸோவும் இதே பெர்கமோ மரபினர். மெய்யான இத்தாலிய வேரும் இலக்கியப் புகழும் கைவசம் இருந்தும் அவை போதவில்லை. அரசவையின் வரிசைப்படியில் புலமைக்கும் உழைப்புக்கும் இடமில்லை, ஆண்ட பரம்பரைக்கே இடமிருந்தது. ஆகவே வமிசக் கதையை எடுத்துக்கொள்ளும் ஆய்வாளர், அது எந்த ஆண்டில் முதன்முதலாக எழுத்தில் ஏறியது என்று முதலில் கேட்க வேண்டும். அந்த ஆண்டுக்கும் கதை பேசும் ஆண்டுக்கும் இடையிலான வெளியைக் குடும்பத்துக்குச் சொந்தமில்லாத ஆவணம் ஒன்றாவது நிரப்புகிறதா என்பது அடுத்த கேள்வி. ஹானோவரில் நிரம்பியது, டாக்சிஸில் நிரம்பவில்லை.