தக்ளியோடு நின்ற பாடம்

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், சிறுமலை இடப்பக்கம் கூடவே வர, சின்னாளபட்டியும் காந்திகிராமமும் அண்டை அயலாக இருக்கின்றன. முன்னது தறியால் பிழைத்த ஊர். பின்னது, தறியையும் ராட்டையையும் வைத்தே பிள்ளைகளுக்கு எல்லாப் பாடமும் சொல்லிவிடலாம் என்று நம்பியவர்கள் உண்டாக்கியது. 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வி அதன் உயிர்நாடிகளில் ஒன்றாக இருந்தது. நம் பள்ளிகளில் நெசவு ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்விக்கு விடை இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில்தான் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கைத்தொழிலைப் படிப்பாக்கியதைப் பலரும் குறை சொல்கிறார்கள். என் குறை வேறு: பிள்ளைகளை நூற்க வைத்தோம், துணி எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய வைக்கவில்லை.

இந்த ஆதாரக் கல்விக்காக 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் குழு வகுத்த பாடத்திட்டத்தில், ஒரு நாளின் ஐந்தரை மணி நேரப் பள்ளியில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு. தாய்மொழிக்கு 40 நிமிடம். இன்று கேட்டால் எந்தப் பெற்றோரும் திடுக்கிடுவார்கள். ஆனால் தொழில் வழியாகவே கணக்கும் அறிவியலும் வரலாறும் வந்துவிடும் என்பதுதான் எண்ணம். அது வெறும் கனவும் அல்ல. நூல் நம்பரையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் எத்தனை நிற்கிறதோ அதுதான் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் 33,600 கெஜம், முப்பது கிலோமீட்டருக்கும் மேல், திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறையப் பாதி. பெருக்கலும் விகிதமும் கையில் பிடித்துப் பார்க்கக் கிடைக்கும் பாடம் இது. கோளாறு எங்கே வந்தது என்றால், பிள்ளைகள் செய்த பொருளை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்ற காந்தியின் ஆசையில். வருமானக் கணக்கு கல்வியை விழுங்கிவிடக்கூடும் என்று அந்தக் குழுவே எச்சரித்திருந்தது. எத்தனை சிட்டம் நூற்றாய் என்று கேட்பது எளிது. ஏன் இந்தக் கரை, ஏன் இந்த நிறம் என்று கேட்பதற்கு வேறு வகை ஆசிரியர் வேண்டும்.

இங்கேதான் சின்னாளபட்டி முக்கியமாகிறது. செயற்கைப் பட்டுச் சேலைக்கும் சுங்குடிக்கும் பேர்போன ஊர் அது. நெசவு வீட்டில் பிறந்த பிள்ளைக்குத் தார் சுற்றவும் இழை பிணைக்கவும் பள்ளிக்கூடம் கற்றுத்தர வேண்டியதே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கும், பெரும்பாலும் அதன் தகப்பனுக்கும், எட்டாத ஒன்று உண்டு: டிசைன். அது பாவும் நூலும் தரும் முதலாளியிடமிருந்து வரும். நெய்பவர் கூலி வாங்குவார். டிசைன் உருவாவது கட்டம் போட்ட தாளில்: நெடுக்கே ஒரு வரிசை பாவின் ஓர் இழை, குறுக்கே ஒரு வரிசை ஊடையின் ஓர் ஓட்டம். தறிமேல் பொருத்தும் ஜக்கார்டு பெட்டியில் அந்த ஒவ்வொரு குறுக்கு வரிசையும் துளையிட்ட ஓர் அட்டையாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவான ஜக்கார்டின் அட்டைகளைப் பார்த்துத்தான் கணித அறிஞர் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு வழி கண்டார். சுங்குடியும் அப்படித்தான்: துணியை மடித்து, புள்ளி புள்ளியாக நூலால் முடிந்து, சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்தால் பூக்கும் ஒரு கட்டக் கணக்கு. வாசல் கோலத்துக்கு நேர்ப்புள்ளியும் ஊடுபுள்ளியும் வைத்துப் பழகிய பெண்பிள்ளைக்கு அது அந்நியமே இல்லை. இத்தனையும் அடுத்த தெருவில் இருக்க, ஆதாரப் பள்ளிகள் கதரையும், தக்ளி என்ற நூற்கும் கைக்கதிரையும் தாண்டத் தயங்கின. கொள்கைப் பிடிப்பு புரிகிறது. செயற்கைப் பட்டைக் காந்தியவாதிகள் எப்படிக் கையில் தொடுவார்கள்? ஆனாலும் இழப்பு இழப்புதான்.

நெசவைப் பள்ளிக்குள் கொண்டுவருவது குலக்கல்விதானே என்பது வலுவான ஆட்சேபம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் கிராமப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தைத் தகப்பன் தொழிலுக்கு ஒதுக்கியது. பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள், 1954இல் ராஜாஜி விலகினார், காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். எதிர்த்தது சரியே. ஆனால் அதையும் ஆதாரக் கல்வியையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. அந்தத் திட்டம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வீட்டுத் தொழிலுக்கு அனுப்பியது. ஆதாரக் கல்வி தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்து, எந்தச் சாதிப் பிள்ளையானாலும் ஒரே தக்ளியைக் கையில் கொடுத்தது. நகரத்துப் பள்ளிகள் புத்தகத்தோடு நிற்க, ராட்டை கிராமத்தோடு தங்கிப்போனது உண்மை. அந்த அளவுக்கு ஆட்சேபத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1964–66இல் கோத்தாரி குழு ஆதாரக் கல்விக்குப் பதிலாகப் ‘பணி அனுபவம்’ என்ற சொல்லை முன்வைத்தது. பெயர் மாறியது, டிசைன் அப்போதும் பாடமாகவில்லை.

குழந்தை உழைப்பு என்ற பயமும் இதோடு சேர்ந்ததே. விற்பனைக்கு நெய்ய வைத்தால் அது உழைப்புதான், சந்தேகமில்லை. அட்டை ஓரத்தில் பல் வெட்டிப் பாவு கட்டி, தான் வரைந்த கட்டத்தைத் தானே நெய்து பார்ப்பது வேறு. அதற்குக் கணக்கு நோட்டும் மிச்ச நூலும் போதும். கைத்தறியே ஒடுங்கிவரும்போது இது எதற்கு என்பார்கள். விசைத்தறிக்கும் டிசைன் வேண்டும். திரையில் வரைந்தாலும் அதே கட்டம்தான். ஆனால் இன்றும் திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளிலிருந்து கோன் கோனாக நூல் லாரி ஏறுகிறது. அது என்ன துணியாக வேண்டும், என்ன கரை, என்ன நிறம் என்பதைக் கரூரிலோ திருப்பூரிலோ யாரோ தீர்மானிக்கிறார்கள்.