கொல்லைப்புறத்துக் குன்று

பனிச்சறுக்கு என்றால் ஆல்ப்ஸ் மலை, பெரிய ஹோட்டல்கள், பொழுது போகாத சீமான்கள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். பனியைக் கண்ணால் கண்டிராதவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? அந்த எண்ணத்தைக் கலைத்தது அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்து ரிச்மண்ட் என்னும் சிற்றூரில் உள்ள ஒரு குன்றின் கதை.

1961-இல் மிக்கி காக்ரன் என்ற எஞ்சினீயரும் அவர் மனைவி ஜின்னியும் அங்கே ஒரு பழைய பண்ணையை வாங்கினார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு. அதில் 400 அடி நீளத்துக்கு ஓர் இழுகயிற்றை மிக்கி அமைத்தார். பிரமாத யந்திரம் ஒன்றுமில்லை. ஓயாமல் சுற்றிவரும் கயிறு. அதைக் கையால் பற்றிக்கொண்டால், காலில் மாட்டிய பலகைகள் வழுக்கிக்கொண்டே மேலே போய்ச் சேரலாம். மேரிலின், பார்பரா ஆன், பாப், லிண்டி என்ற நாலு குழந்தைகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பழகவேண்டும், அவ்வளவுதான் தகப்பனாரின் ஆசை. ஊர்ப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வாத்தியார் ஜின்னி.

இன்றைக்கும் அந்தக் குன்றின் சரிவு உயரம் சுமார் 350 அடிதான். ஆனால் ஸ்லாலம் என்ற பந்தயம் நட்டு வைத்த கழிகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்குவது. அதற்கு வேண்டியது உயரமல்ல, திருப்பம். பெரிய மலையில் ஒருமுறை இறங்கும் நேரத்தில் இங்கே பலமுறை ஏறி இறங்கிவிடலாம். குன்றின் குறையே குழந்தைகளுக்குக் குருவாயிற்று என்பது என் கட்சி.

நால்வருமே ஒலிம்பிக் பந்தயங்களுக்குப் போனார்கள். 1972-இல் ஜப்பானின் சப்போரோ நகரில் பார்பரா ஆன் ஸ்லாலத்தில் தங்கம் வென்றாள். பிரெஞ்சுப் பெண் டானியேல் டெபர்னார் பின்தங்கியது 0.02 விநாடி, கண்ணிமைக்கும் நேரம் என்று சொன்னால்கூட மிகை! புறப்படும் இடத்தில் ஒரு குச்சி குறுக்கே நிற்கும். கால் அதைத் தள்ளியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். கால் படுமுன்பே உடம்பை முன்னே பாய்ச்சிவிடு என்று கற்றுக்கொடுத்திருந்தார் எஞ்சினீயர் அப்பா.

சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2022-இல் பெய்ஜிங்கில் அவளுடைய மகன் ரயன் 'சூப்பர்-ஜி' பந்தயத்தில் வெள்ளி பெற்றான். தங்கம் தவறியது 0.04 விநாடியில். தாய்க்குக் கொடுத்த விதி மகனிடம் வட்டியோடு வாங்கிக்கொண்டது போலும்.

அந்தப் பிரதேசத்தில் இத்தகைய சிறு பனிக்குன்றுகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டுவிட்டன. செலவு கட்டவில்லை, சில குளிர்காலங்களில் பனியும் கைவிட்டது. மிக்கி 1998-இல் காலமானார். அதே ஆண்டில் குன்று லாப நோக்கமற்ற தர்ம ஸ்தாபனமாயிற்று. காசில்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்புவதில்லை என்பது அங்கே ஏற்பாடு. தங்கம் வாங்கிய பார்பரா ஆன் அதே சரிவில் பல ஆண்டுகள் பாடம் நடத்தினாள். மாணவர்களுக்கு வயது மூன்று, நாலு, ஐந்து. கூடவே, அவர்களுடைய அப்பா அம்மாக்களும்.